துரை கையில் ஏறிய நாள்

பேண்ட் தைக்க, கோட் தைக்க, கிழிந்ததை ஒட்டுப் போட என்று அந்தத் தெருவில் யாருக்கு எது வேண்டுமானாலும் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை இருக்கத்தான் செய்தது. அதை யார் படித்தார்கள்? "அக்கா தங்கச்சி கடை" என்றால் போதும். வெட்டுவதும் இஸ்திரி போடுவதும் பெரியவள். மெஷினில் உட்கார்ந்து தைப்பது சின்னவள். பெரியவள் வாயைத் திறந்தால் துணியைப் பற்றி நாலு வார்த்தை வரும். சின்னவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

பெரியவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபோது சின்னவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவளை வளர்த்து, ஆளாக்கி, கட்டிக் கொடுத்து, புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்து நின்றவளைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டு, அந்தக் குழந்தையையும் வளர்த்தது பெரியவள்தான். அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். தினமும் போன் பண்ணுவாள். பெரியவள் எடுத்தால், "பெரியம்மா, நல்லா இருக்கீங்களா? அம்மா எங்க?" அவ்வளவுதான். "இந்தா, குடுக்கறேன்" என்று பெரியவள் போனை நீட்டிவிடுவாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியுமா? அம்மா என்றால் அம்மாதான். ஆனாலும் போனை நீட்டும் அந்த ஒரு நொடி பெரியவளுக்கு நெஞ்சுக்குள் என்னமோ செய்யும். யாரிடமும் சொன்னதில்லை, சின்னவளிடம்கூட.

தெருமுனையில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் வாட்ச்காரர். நல்ல தொப்பையும் கலகலப்புமாக இருந்த மனிதர். ஒருநாள் இரண்டு பேண்டைக் கொண்டுவந்து, "இடுப்பு கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா" என்றார். கொஞ்ச நாளில் அதே பேண்டுகளோடு மறுபடி வந்தார். அதற்கடுத்த முறை வந்தபோது பெரியவள் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆசைப்பட்டு இளைக்கிறவன் புதுசு தைக்கச் சொல்வான். பழசையே பிடித்துப் பிடித்துப் போட்டுக்கொள்கிறவனுக்கு உடம்பில் என்னவோ இருக்கிறது.

"உடம்புக்கு என்னண்ணே?"

"நுரையீரல்மா. என் கிளி இருக்கு பாரு, அதோட இறகுத் தூசி எனக்கு ஆகவே ஆகாதாம். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், ஒண்ணு கிளி, இல்ல நீ." அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "குஞ்சா இருந்தப்ப வாங்கினது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க கொண்டு போய் விடுவேன்? பார்க்க வர்றவன்லாம் பொம்மை வாங்க வர்ற மாதிரி வர்றான். விரலை உள்ள விடறான், ஒரு கடி வாங்கிட்டு ஓடிடறான்."

"நான் வச்சுக்கறேன்" என்றாள் பெரியவள்.

மெஷின் நின்றுவிட்டது. சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தட்டில் கடைசித் துண்டு இருந்தால் "எனக்கு வேண்டாம்" என்பவள் அவள் அக்கா. எதையும் தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டு, சின்னவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சொல்லிவிட்டுப் பெரியவளே ஒரு மாதிரி கூச்சப்பட்டு, சாக்குக்கட்டியைத் தேட ஆரம்பித்தாள்.

கிளி என்றதும் பச்சை நிறத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சாம்பல் நிறம், வால் மட்டும் சிவப்பு. கண் வெளிறிய மஞ்சள். எதிரில் நிற்பவரை மேலும் கீழும் அளந்து, "நீ யாரு, எதுக்கு வந்தே?" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காகவே சின்னவள் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். பழைய பெயர் ஒன்று இருந்ததுதான். ஆனால் துரை என்று கூப்பிட்டவுடன் அது தலையைச் சாய்த்துக் கேட்டது, அந்தப் பெயரே நிலைத்தது. இனி நாமும் அவன் என்றே சொல்வோம்.

வாட்ச்காரர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கூடவே வந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கூண்டைக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் வைக்கக் கூடாது. விதையை அளவாகப் போட வேண்டும், கேட்கிறானே என்று அள்ளிப் போட்டால் கல்லீரல் கெட்டுவிடும். காய், பழம், வேகவைத்த சோளம் கொடுக்கலாம். உப்பு, சாக்லேட், வெங்காயம், வெண்ணெய்ப்பழம் கூடாது. உட்காருகிற குச்சிகள் ஒரே பருமனில் இருந்தால் கால் புண்ணாகிவிடும். கடிக்க மரக்கட்டை வேண்டும், பிரிக்கக் காகிதம் வேண்டும், வேலை இல்லாவிட்டால் தன் இறகையே பிடுங்கிக்கொள்வான்.

"அப்புறம் முக்கியமானது. ஒட்டாத சட்டி, நான்-ஸ்டிக்னு சொல்றாங்களே, அது வீட்லயே இருக்கக் கூடாது. அது அதிகமா சூடேறினா ஒரு ஆவி வரும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. இவங்களுக்கு அதுதான் எமன்."

அன்றைக்கே பெரியவள் அடுக்களையை ஒரு வழி பண்ணிவிட்டாள். சின்னவள் ஆசை ஆசையாய் வைத்திருந்த முட்டை பொரிக்கும் சட்டி, அப்பம் சுடும் அச்சு எல்லாம் குப்பைக்குப் போயின. "ஐயோ, அது புதுசுக்கா!" என்று சின்னவள் பின்னாலேயே ஓடினாள். யார் கேட்டார்கள்? கொசுவத்திச் சுருள், வாசனைத் தெளிப்பான் எதுவும் மிஞ்சவில்லை. கடையில் குண்டூசி சிந்தியிருந்தால் விழுங்கிவிடுவானே என்று ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுத்தாள். கறுப்பு லைனிங் துணியில் கூண்டுக்கு ஒரு போர்வை தைத்தாள். சாயங்காலம் போர்த்திவிட்டால் துரை தூங்க வேண்டும். ஒரு கோட்டுக்குப் பார்க்கிற நறுவிசு அதில் இருந்தது. விளிம்புக்குச் சுற்றுப்பட்டி வேறு.

"எனக்குக்கூட நீ இப்படித் தைச்சதில்லக்கா" என்றாள் சின்னவள்.

"உனக்கு எதுக்குடி போர்வை? நீதான் மூடறதே இல்லையே, வாயை."

துரை இரண்டு பேரையும் பார்த்தான். "நாளைக்கு வாங்க. ரெடியா இருக்கும்" என்றான். வாட்ச் கடையில் கேட்டுக் கேட்டுப் படித்தது. சின்னவள் சிரித்த சிரிப்பில் மெஷினிலிருந்து நூல் அறுந்தது. அதற்கப்புறம் வருகிற வாடிக்கையாளர்களெல்லாம் சத்தியம் பண்ணினார்கள், தங்கள் துணி தாமதமாவதைச் சமாளிக்கவே இந்த இரண்டு பேரும் அந்தக் கிளியைப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

வீட்டின் முன்பக்கமே கடை, கூண்டு அந்தக் கடை ஹாலில்தான் இருந்தது. பெரியவள் விடியும்போதே எழுந்து தட்டில் காகிதம் மாற்றுவாள், தண்ணீர்க் கிண்ணம் கழுவுவாள், காயைப் பொடிப்பொடியாக நறுக்குவாள். பிறகு கையைத் தட்டையாக அவன் வயிற்றருகே நீட்டி, "ஏறு" என்பாள். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று வாட்ச்காரர் சொல்லியிருந்தார். துரை கையைப் பார்ப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், நறுக்கென்று ஒரு கடி கொடுப்பான். கடித்தால் உதறக் கூடாது, கத்தக் கூடாது, கத்தினால் அவனுக்கு அது வேடிக்கையாகிவிடும். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். விரல்களில் ஒட்டுத்துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு துணி வெட்டுவாள்.

சின்னவள் எதுவும் செய்யவில்லை. அதுதான் கொடுமை. அவள் பாட்டுக்கு மெஷினை ஓட்டிக்கொண்டு, எதையாவது முணுமுணுத்துக்கொண்டு, துரை பக்கம் திரும்பாமல் இருந்தாள். துரை மெஷின் ஓடினால் ஆடினான், நின்றால் கத்தினான். ஒருநாள் கூண்டைத் திறந்து வைத்திருந்தபோது நடந்தே போய் அவள் மேஜையில் ஏறி, தோளில் ஏறி, கழுத்தோடு ஒட்டிக்கொண்டான். அடுத்த வாரமே தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதையெல்லாம் அவள் உள்ளங்கையில் கக்கினான்.

"அக்கா! வாந்தி எடுக்கிறான்க்கா!"

பெரியவள் ஓடி வந்து பார்த்தாள். வாட்ச்காரருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டு இருமி இருமிச் சிரித்தார்.

"அது வாந்தி இல்லம்மா. ஊட்டி விடறான். குஞ்சுக்கும் ஜோடிக்கும்தான் இவங்க அப்படிப் பண்ணுவாங்க. உங்க தங்கச்சிதான் இனிமே தனக்குன்னு அவன் முடிவு பண்ணிட்டான்."

"அப்படியாண்ணே? நல்லதுண்ணே" என்றாள் பெரியவள். முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். உள்ளே வயிறு எரிந்தது. ஒரு கிளியிடம் போய் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டியும் எரிச்சல் அடங்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஜீவன், தன்னை முதலில் பார்த்து, முதலில் தன்னிடம் வர வேண்டும் என்றுதானே கேட்டாள்? அதுவும் போனை நீட்டுகிற கதையாகவே ஆகிவிட்டது.

சின்னவள் ஒன்றும் மக்கு இல்லை. அக்காவின் முகத்தை அரை நொடி பார்த்தாலே அவளுக்குப் போதும். அன்றிலிருந்து துரை தோளுக்கு வந்தால், "போடா, அக்காகிட்ட போ" என்று இறக்கி விட்டாள். அவன் கத்தினால் திரும்பாமல் இருந்தாள். மெஷினை ஓட்டும்போது முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். வாய் மூடாத பெண் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது.

பிறகு ஒருநாள் பெரியவளே சொன்னாள். "கூண்டை உள் ரூமுக்கு மாத்திடலாம்டி. நாள் பூரா உன் பக்கத்துலயே இருந்தா உன்கிட்டதானே ஒட்டுவான்? என்கூட இருந்தா பழகிடுவான்."

உள் ரூம் என்றால் இஸ்திரி போடும் அறை. பெரியவளின் பாதி நாள் அங்கேதான் கழியும்.

"அங்க சூடா இருக்குமேக்கா."

"ஜன்னல் இருக்கில்ல?"

கூண்டின் ஒரு பக்கத்தைச் சின்னவளே பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். வைத்துவிட்டு, துரையைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். "நாளைக்கு வாங்க" என்றான் துரை அவள் முதுகைப் பார்த்து.

முதல் சில நாள் அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அப்புறம் கூச்சல் நின்றது, இறகு விழ ஆரம்பித்தது. விழவில்லை, அவனே பிடுங்கினான். மார்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை தெரிந்தது. தட்டுக் காகிதத்தில் கிடக்கும் சாம்பல் பஞ்சைப் பெரியவள் தினமும் பொறுக்கி எடுத்தாள். தான் செய்வது தப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கூண்டைத் திரும்ப ஹாலுக்குக் கொண்டு போனால் போதும், பிடுங்குவதை நிறுத்திவிடுவான். தெரிந்தும் அவள் கொண்டு போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப் போட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவள் பிடிவாதம் பிடித்த இடம் அது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, உழைத்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டே அவனிடம் பேசினாள். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் ஊர்க் கதையெல்லாம் பேசினாள். யார் கோட்டில் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, யார் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுக்கிறார், எல்லாம் துரைக்குத் தெரியும். நூல் தீர்ந்த மரக்கட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். மாதுளை முத்துகளைக் காகிதத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு ஒளித்து வைத்தாள், தேடிப் பிரிக்கட்டும் என்று. வெதுவெதுப்பான தண்ணீரைச் சாரலாகத் தெளித்துக் குளிப்பாட்டினாள். வெறும் மார்பில் தண்ணீர் பட்டதும் அவன் சிலிர்த்த சிலிர்ப்பில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வாரம் தவறாமல் வாட்ச்காரர் போன் பண்ணுவார். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான். "உங்ககிட்ட வந்தானாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"வருவான். நீங்க போய்ப் பிடிக்காதீங்க. அவனா வரணும். வந்துட்டா அப்புறம் சாகிற வரைக்கும் விடமாட்டான்."

மெல்ல மெல்லத்தான் மாறினான். முதலில் கடிப்பதை நிறுத்தினான். பிறகு அவள் கையிலிருந்து மாதுளை முத்தை வாங்கித் தின்றான். அவள் அறைக்குள் வந்தால் குச்சியின் இந்தக் கோடிக்கு நகர்ந்து வந்தான். மார்பில் புது இறகின் முளை தெரிந்தது. அதைப் பெரியவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு ஹாலுக்கு ஓடி, "அடியே, முளைக்குதுடி!" என்றாள். சின்னவள் எழுந்து வர அடியெடுத்து வைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, "நான் வரலக்கா. நீயே பார்த்துக்கோ" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹோட்டலிலிருந்து பணியாளர்களுக்குக் கறுப்புக் கோட் வேண்டுமென்று பெரிய ஆர்டர் வந்தது. கறுப்புத் துணியில் நேராகப் பெட்டியை வைத்துத் தேய்த்தால் பளபளவென்று ஒரு மினுக்கு விழுந்துவிடும், அப்புறம் போகவே போகாது. அதற்காக இஸ்திரிப் பெட்டியின் அடியில் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு உறை மாட்டுவார்கள். தையல்காரர்கள் அதை ஷூ என்பார்கள். பழைய ஷூ தேய்ந்து போயிருந்தது. பெரியவள் புதுசு ஒன்று வாங்கி மாட்டினாள்.

பெட்டி என்னவோ பழசுதான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்போதோ இறுகிப்போய், முழுச் சூட்டிலேயே நின்றுவிட்டது. வேறு யாராவது என்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். பெரியவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுவரில் இருக்கும் சுவிட்சைப் போடுவாள், கொஞ்சம் தேய்ப்பாள், அணைப்பாள், இருக்கிற சூட்டில் மீதியைத் தேய்ப்பாள். அந்தப் போடுவதும் அணைப்பதும் அவள் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரு துணிகூட அவள் கையில் கருகியதில்லை.

அன்றைக்கு மழை. ஜன்னல் வழியாக ஈரக்காற்று நேரே கூண்டின்மேல் அடித்தது. துரைக்கு ஆகாதே என்று பெரியவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். ஒரு கோட்டை முடித்து மாட்டினாள். பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு, சுவிட்சை அணைக்கக் கையைக் கொண்டு போனாள்.

துரை கூண்டின் கதவோரமாக வந்து நின்று, ஒரு காலைத் தூக்கினான்.

அவள் "ஏறு" என்று சொல்லவே இல்லை. அவன் காலைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சுக்குப் போன கையைத்தான் அவள் திருப்பி, கதவைத் திறந்து, மெதுவாக உள்ளே நீட்டினாள். துரை ஏறினான். முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். எவ்வளவு லேசாக இருந்தான்! நகங்கள் மட்டும் மெல்லக் குத்தின. அவள் கையை வெளியே எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். துரை தலையைக் குனிந்து, பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினான். சொறிந்து விடு என்று அர்த்தம். முழுசாக நம்பினவரிடம்தான் இந்தப் பறவை அந்தப் பிடரியைக் கொடுக்கும். பெரியவள் ஒற்றை விரலால் சொறிந்தாள். அசைந்தால் எங்கே போய்விடுவானோ என்று மூச்சைக்கூட அளந்து விட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு நினைவில்லை. "வந்துட்டியா? வந்துட்டியா என் ராசா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, மழைச் சத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றாளோ!

பிடரியைக் காட்டியவன் நிமிரவில்லை. தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் அலகு திறந்திருந்தது. வால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் இழுத்தது. நகங்களின் பிடி நழுவியது.

"அடியே! சின்னவளே! ஓடி வாடி!"

அவள் கத்தி முடிப்பதற்குள் சின்னவள் உள்ளே இருந்தாள். முதலில் சுவிட்சை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், பிறகுதான் துரையைப் பார்த்தாள்.

வாடகைக் காரில் பின் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். துண்டில் சுற்றி, பெரியவள் மடியில் துரை. அவன் கண் எதையோ தேடியது. சின்னவள் அழுதுகொண்டே, "டேய் துரை, டேய்" என்றதும், தலையை அந்தப் பக்கம் திருப்ப முயன்றான், முடியவில்லை. பெரியவள் அதைப் பார்த்தாள். மறுகணம் யோசிக்காமல் துண்டோடு எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"நீ வச்சுக்கோ. உன்கிட்டன்னா பயப்பட மாட்டான்."

"அக்கா, வேண்டாம்க்கா..."

"வாங்கிக்கோன்றேன்ல!"

சின்னவள் வாங்கிக் கழுத்தோடு சேர்த்துக்கொண்டு, பழைய மாதிரி முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குக் கார் போய் நிற்கும் முன்பே துரை போய்விட்டான்.

பெரியவள் காரை விட்டு இறங்கவில்லை. சின்னவள்தான் டாக்டரைப் பார்க்க உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இதயம் நின்னு போச்சாம்க்கா. வயசாயிடுச்சில்ல, அப்படித்தானாம்."

அவன் இனம் ஐம்பது வருஷம்கூட இருக்கும் என்று வாட்ச்காரர் சொல்லியிருந்தாரே? பெரியவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, சுற்றுப்பட்டி வைத்துத் தைத்த அந்தக் கறுப்புப் போர்வையிலேயே அவனைச் சுற்றி, கொல்லைப்புறத்தில் குழி தோண்டி வைத்தார்கள். மழை விடவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் பெரியவள் பழக்கதோஷத்தில் காயை நறுக்கிவிட்டாள். நறுக்கியதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, கோட்டுகளைக் கொடுத்தாக வேண்டுமே என்று இஸ்திரி அறைக்குப் போனாள். பெட்டியை எடுத்தாள். அடியில் ஷூ இல்லை. வெறும் இரும்பு.

மேஜைக்கு அடியில் குப்பைக்கூடையில் ஷூ வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, வாங்கின அன்று அவளே படித்ததுதான்: ஒட்டாது, கருகாது, மினுக்கு விழாது.

ஒட்டாது.

அந்த வழுவழுப்பை எங்கே தொட்டிருக்கிறோம் என்று இப்போதுதான் அவள் விரலுக்கு நினைவு வந்தது. சின்னவளின் முட்டைச் சட்டி. தானே பிடுங்கிக் குப்பையில் போட்டாளே, அதே வழுவழுப்பு. அடுக்களை பூராவும் சலித்தாள், தரையெல்லாம் காந்தம் இழுத்தாள், எமனைத் தன் கையில் பிடித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலையும் அவளேதான் சாத்தினாள். சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

சின்னவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஷூ எங்கடி?"

"கிழிஞ்சிருந்ததுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

"அது புதுசு."

சின்னவள் குப்பைக்கூடையில் கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"டாக்டர் இதைத்தான் சொன்னாங்களா? சொல்லுடி. எனக்கு ஒளிக்காத."

சின்னவள் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "வீட்ல ஒட்டாத சட்டி இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். என்ன தொழில்னு கேட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீ உன்னையே கரிச்சுக் கொட்டிக்குவேன்னுதான்க்கா பொய் சொன்னேன்."

"நான்தானேடி கொன்னேன். கூண்டை இங்க கொண்டாந்தது நான். உன்கிட்டயே விட்டிருந்தா உயிரோட இருந்திருப்பான். எனக்கு வேணும் எனக்கு வேணும்னு..."

"அக்கா, இரு. நான் ஒண்ணு சொல்லணும்." சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காயம்பட்டு ஆறிய அந்த விரல்களையே பார்த்தபடி பேசினாள். "நேத்து அவன் உன் கைல ஏறினப்ப நான் இந்த வாசல்லதான் நின்னேன். கோட்டுக்குப் பொத்தான் கேட்க வந்தேன். பார்த்தேன். நீ அழுதுட்டு நின்னே. பெட்டியில சிவப்பு விளக்கு எரிஞ்சுது. அதையும் பார்த்தேன்க்கா. நீ அணைக்க மறந்துட்டேன்னு தெரிஞ்சுது. உள்ள வந்து அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வந்தா அவன் என்கிட்ட தாவிடுவான்னுதான் வரல. உன்கிட்ட இப்பதான் வந்திருக்கான், கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நினைச்சேன். சத்தம் போடாம, சுவத்தோரமா நின்னு பார்த்துட்டே இருந்தேன்க்கா."

பெரியவள் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். ஆறுதல் சொல்ல யாரிடம் என்ன இருந்தது?

முன்பக்கம் போன் அடித்தது. வாட்ச்காரர் பேசுகிற கிழமை அது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"நான் பேசறேன்க்கா" என்று சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வயசாயிடுச்சு, இதயம்னு சொல்லிடறேன். அவரு இருக்கற இருப்புல..."

"வேண்டாம். பொய் வேண்டாம். இருபது வருஷம் வளர்த்தவர்." பெரியவள் அவளைத் தாண்டிப் போய்ப் போனை எடுத்தாள். "இந்தா, குடுக்கறேன்" என்று சொல்ல இன்றைக்கு அவளுக்கு மனசில்லை.

"ஹலோ, பெரியவங்களா?" வாட்ச்காரர் குரல் போன வாரத்தைவிட மெலிந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதையே கேட்டார். "உங்ககிட்ட வந்தானாம்மா?"

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தாண்ணே. நேத்து வந்தான். நான் ஏறுன்னுகூடச் சொல்லல, அவனே காலைத் தூக்கினான். கையில உக்காந்து பிடரியைக் காட்டினான்."

"பிடரியைக் காட்டினானா!" அந்தப் பக்கம் வாட்ச்காரர் சிரிக்க ஆரம்பித்தார். நோய்க்கு முந்தைய நாட்களில் கடையில் உட்கார்ந்து சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "நான் சொன்னேனா இல்லையா? வருவான்னு சொன்னேனா இல்லையா? அப்பாடா! இனிமே எனக்கு என்னம்மா கவலை!" சிரிப்பு இருமலாயிற்று, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார்.

சின்னவள் போனை வாங்கக் கை நீட்டினாள். பெரியவள் கொடுக்கவில்லை. அவர் சிரித்து, இருமி, ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிக்கட்டும் என்று போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.